முட்டை உடையக்கூடாது!

1962, ஆகஸ்ட் 16. காரைக்காலில் பிரெஞ்சுக்காரர்களின் கணக்கு முழுசாகத் தீர்ந்த நாள். 1739-ல் வந்து உட்கார்ந்தவர்கள், 1954 நவம்பர் 1-ம் தேதியே நிர்வாகத்தை இந்தியாவிடம் கொடுத்துவிட்டார்கள். ஆனால், சாவியைக் கொடுத்தால் போதுமா? பத்திரம் பதிவாக வேண்டாமா? அதற்கு பாரீஸ் பார்லிமென்ட் எட்டு வருஷம் இழுத்தடித்தது. ஒருவழியாக அந்த ஆகஸ்ட்டில்தான் பாண்டிச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நாலும் சட்டப்படி நம்முடையவை ஆயின. அப்போது பிரான்ஸின் ஜனாதிபதி சார்லஸ் டி கால்.

சரியாக ஆறே நாள். ஆகஸ்ட் 22, ராத்திரி எட்டு மணி வாக்கில் டி கால், தன் மனைவி, மருமகனோடு பாரீஸிலிருந்து வில்லகூப்ளே விமான தளத்துக்குக் காரில் போய்க்கொண்டிருக்கிறார். பெத்தி க்ளமார் என்ற இடத்தில், இருபுறமும் ஒளிந்திருந்த கோஷ்டி இயந்திரத் துப்பாக்கியால் சுட்டுத் தள்ளுகிறது. காரைக்காலை விட்டதற்காக அல்ல. அதற்கெல்லாம் அங்கே யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அல்ஜீரியாவுக்குச் சுதந்திரம் கொடுத்துவிட்டாரே என்ற ஆத்திரம். நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள். கண்ணாடி நொறுங்கியது. இரண்டு டயர்கள் வெடித்தன.

ஓடுகிற காரில் இரண்டு டயர் போனால் என்ன ஆகும்? வண்டி பம்பரமாகச் சுற்றி மரத்தில் மோத வேண்டும். அன்றைக்கு அப்படி ஆகவில்லை. டிரைவர் ஃபிரான்சிஸ் மரூ ஸ்டியரிங்கைப் பிடித்து, ஆக்ஸிலேட்டரை அழுத்தி, அந்த காரை விமான தளம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். உள்ளே இருந்த ஒருவருக்கும் குண்டு படவில்லை. இறங்கியதும் ஜனாதிபதியின் மனைவி, டிக்கியில் இருந்த கோழிக்கறி பத்திரமாக இருக்கிறதா என்று விசாரித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள்.

அந்த கார் சிட்ரோயன் டி.எஸ். டிரைவரின் சாமர்த்தியம் பாதி, காரின் சஸ்பென்ஷன் பாதி என்றுதான் இன்றுவரை பேச்சு. இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாக ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் இரும்பு உருண்டை. அதன் மேல்பாதியில் நைட்ரஜன் வாயு, கீழ்ப்பாதியில் எண்ணெய். நடுவில் ரப்பர் தடுப்பு. இன்ஜின் ஓடும்போது ஒரு பம்ப் எண்ணெயை அழுத்திக்கொண்டே இருக்கும். முன்பக்கமோ பின்பக்கமோ தாழ்ந்தால் அந்தப் பக்கம் எண்ணெயை ஏற்றி, வண்டி தானே தன்னை நிமிர்த்திக்கொள்ளும். 1955-ல் பால் மாழெஸ் என்ற இன்ஜினீயரின் மூளையிலிருந்து வந்த சரக்கு.

கோழி முதலா, முட்டை முதலா என்ற கேள்விக்கு சிட்ரோயன் கம்பெனியில் மட்டும் தெளிவான பதில் உண்டு. முட்டைதான் முதல்!

1930-களில் சிட்ரோயனின் தலைவராக இருந்தவர் பியர் பூலான்ஷே. ஏழை விவசாயிக்கு ஒரு கார் வேண்டும் என்று தன் ஆட்களிடம் அவர் போட்ட நிபந்தனைகள் பிரபலம். இரண்டு விவசாயிகள், ஐம்பது கிலோ உருளைக்கிழங்கு, அறுபது கிலோமீட்டர் வேகம், நூறு கிலோமீட்டருக்கு மூன்று லிட்டர் பெட்ரோல். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: கூடை நிறைய முட்டையோடு உழுத வயலில் ஓட்டிப் போனாலும் ஒரு முட்டைகூட உடையக்கூடாது.

யுத்தம் குறுக்கே வந்ததால் அந்த கார் 1948-ல்தான் பாரீஸ் கண்காட்சிக்கு வந்தது. பெயர் 2 சி.வி. பார்க்க ஆமை ஓடு மாதிரி. பத்திரிகைகள் சிரித்தன. ஆனால், அதன் அடியில் முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் ஒரே குழாய்க்குள் ஸ்பிரிங்கால் இணைத்து வைத்திருந்தார்கள். முன் சக்கரம் மேட்டில் ஏறினால் பின்பக்கமும் கொஞ்சம் எழுந்துகொள்ளும். வண்டி தலையாட்டாமல் மிதந்து போகும். கார் வளைவில் பயமுறுத்துகிற அளவுக்குச் சாயும், கவிழாது. நாலு சக்கரமும் ரோட்டை விடாது.

கவனியுங்கள். பூலான்ஷே 'எவ்வளவு கெட்டியான ஸ்பிரிங் போடலாம்?' என்று கேட்கவில்லை. 'எந்த ரோட்டில் ஓடப்போகிறது?' என்று கேட்டார். சஸ்பென்ஷன் சரித்திரத்தில் ஜெயித்த ஒவ்வொருவரும் கேட்ட கேள்வி அதுதான். கேட்காதவர்கள் கதை பின்னால் வருகிறது.

காவிரி டெல்டாக்காரர்களுக்கு இந்தச் சமாசாரம் புதுசே இல்லை. பார வண்டி வேறு, வில் வண்டி வேறு என்று நம் தாத்தாக்களுக்குத் தெரியும். நெல் மூட்டை ஏற்றும் வண்டிக்கு அச்சும் சக்கரமும் போதும். மிராசுதார் வீட்டு அம்மாள் கோயிலுக்குப் போவதற்கு மட்டும் இரும்புப் பட்டைகளை அடுக்கி, வில்லாக வளைத்து, அச்சுக்கு மேலே கட்டிய வண்டி. அதே இரும்பு வில்லை, இரண்டு வில் எதிரெதிராகச் சேர்ந்த முட்டை வடிவத்தில் லண்டனில் ஒபதையா எலியட் கோச் வண்டிக்காகப் பதிவு செய்தது 1804-ல்.

காளை போகிற வேகத்துக்கு வில் போதும். பெட்ரோல் வந்ததும் வினை வந்தது. பள்ளத்தில் விழுந்த வில் ஒரு தடவை ஆடிவிட்டு நிற்காது. ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தில் சக்கரம் ரோட்டை விட்டுக் கிளம்பும். சக்கரம் அந்தரத்தில் இருக்கிற நொடியில் பிரேக்கும் பிடிக்காது, ஸ்டியரிங்கும் கேட்காது. 1903-ல் பாரீஸிலிருந்து மாட்ரிட் வரை நடந்த கார் பந்தயத்தில், மார்செல் ரெனோ உட்படப் பலர் செத்து, பந்தயத்தையே போர்தோவில் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. கூட்டம், புழுதி, வேகம் எல்லாம் சேர்ந்த விபத்து அது. போர்தோ வரை வந்ததில் மிகக் குறைந்த நேரம், மோர்ஸ் கார் ஓட்டிய பெர்னான் காப்ரியலுடையது. அந்த மோர்ஸ் கம்பெனிதான் அதற்கு முந்தைய வருஷம், 1902-ல், தன் காரில் ஷாக் அப்சார்பரைப் பொருத்திய முன்னோடி.

நம் ஊரில் ஷாக் அப்சார்பர் என்றாலே 'கேப்ரியல்' என்கிறார்களே, அது இந்த காப்ரியல் அல்ல. அது அமெரிக்காவில் கார் ஹார்ன் செய்து பிழைத்த கம்பெனி. அதோடு கைகோத்து தீப் ஆனந்த் 1961-ல் இந்தியாவில் தொழில் தொடங்கினார்.

ஸ்பிரிங் என்ன செய்கிறது, ஷாக் அப்சார்பர் என்ன செய்கிறது? காமர்ஸ் படித்தவன் என்பதால் எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். ஸ்பிரிங் கடன் வாங்கும். பள்ளத்தில் விழுந்த அடியை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த நொடி பைசா பாக்கியில்லாமல் திருப்பித் தந்துவிடும். அந்த நாணயம்தான் பிரச்னை! ஷாக் அப்சார்பர் அப்படியல்ல. உள்ளே எண்ணெயைச் சின்ன ஓட்டை வழியாகத் தள்ளி, வந்த சக்தியைச் சூடாக்கிக் காற்றில் விட்டுவிடும். வாராக் கடனாக எழுதித் தள்ளுகிற பேங்க் மேனேஜர். ஸ்பிரிங் வண்டியைத் தாங்குகிறது, ஷாக் அப்சார்பர் ஆட்டத்தை அடக்குகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாது.

சரி, மெட்ராஸுக்கு வருவோம்.

1961-ல் மெட்ராஸ் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி ஒரு அழகான காரை விட்டது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான், இங்கே அந்தப் பெயர். இத்தாலிக்காரர் மிச்சலோட்டி வரைந்த உடம்பு. அம்பாஸடரும் ஃபியட்டும் குடும்பஸ்தர்கள் என்றால், ஹெரால்டு காலேஜ் பையன். இதே வம்சத்தில் வந்ததுதான் ஸ்பிட்ஃபயர் என்ற டிரையம்ஃப் ஸ்போர்ட்ஸ் கார்.

அந்தக் காலத்தில் மெட்ராஸுக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. 1953-ல் ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே கார் பந்தயம் நடத்தியது. மகாராஜாக்களும் மில் முதலாளி வீட்டுப் பிள்ளைகளும் ஒரு பக்கம், சொந்த ஷெட்டில் கார் பிரித்து மாட்டிய பையன்கள் இன்னொரு பக்கம். அங்கே ஹெரால்டுக்குத் தனி மவுசு. ஆனால், அதன் பின்பக்கத்தில் ஒரு சூட்சுமம் இருந்தது.

ஹெரால்டின் பின் சக்கரங்கள் 'ஸ்விங் ஆக்ஸில்' வகை. இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்குப் பக்கவாட்டில் நீட்டுங்கள். தோள்பட்டைதான் கீல். உள்ளங்கையில் சக்கரம். இப்போது உடம்பு எழும்பினால் கைகள் கீழே சாயும் இல்லையா? சக்கரமும் அப்படியே உள்பக்கமாகச் சாயும். வளைவில் வேகமாகப் போகும்போது பயந்துபோய் ஆக்ஸிலேட்டரை விட்டால் பின்பக்கம் எழும்பும், வெளிச் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கும். பிடிப்பு போய்விடும். வால் முன்னால் வந்துவிடும்!

இது ஹெரால்டின் தனிக் குற்றம் அல்ல. அமெரிக்காவில் 1960 மாடல் ஷெவர்லே கோர்வேர் காரிலும் ஸ்விங் ஆக்ஸில்தான். சாய்வைத் தடுக்கும் ஒரு கம்பியை முன்னால் போட்டிருந்தால் ஓரளவு சரியாகியிருக்கும். செலவைக் குறைப்பதற்காக அதை விட்டுவிட்டார்கள். அதற்குப் பதிலாக, முன் டயரில் 15 பவுண்டு, பின் டயரில் 26 பவுண்டு காற்று வையுங்கள் என்று கையேட்டில் எழுதிவைத்தார்கள். எந்த பெட்ரோல் பங்க்கில் கையேட்டைப் பார்த்துக் காற்றடிக்கிறார்கள்? 1965-ல் வக்கீல் ரால்ஃப் நாடர் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயமே இந்த கார்தான். அமெரிக்காவின் கார் பாதுகாப்புச் சட்டங்களுக்கு அந்தப் புத்தகம் ஒரு முக்கியக் காரணம். கணக்குப்பிள்ளை மிச்சம் பிடித்த சில டாலர்கள், கடைசியில் கம்பெனியின் மானத்தையே வாங்கிவிட்டன.

கம்பெனி செய்யாததை வெளிக்கடைகள் செய்தன. வெளியில் வாங்கி மாட்டுகிற சஸ்பென்ஷன் சாமான் வியாபாரம் சூடு பிடித்ததில் இந்த ஸ்விங் ஆக்ஸிலுக்கும் பங்கு உண்டு. ஃபோக்ஸ்வேகனுக்கும் கோர்வேருக்கும் 'கேம்பர் காம்பன்சேட்டர்' என்று ஒரு பட்டை வில். இரண்டு சக்கரங்களுக்கும் அடியில் குறுக்கே கட்டினால், மடங்குவதைத் தடுக்கும். ஸ்பிட்ஃபயர்காரர்கள் பின்பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்தி, சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்ந்து நிற்கிற மாதிரி வைத்துக்கொண்டார்கள். டிரையம்ஃப் கம்பெனியே 1970-ல் ஸ்பிட்ஃபயரின் பின் வில்லை மாற்றியமைத்தது. மெட்ராஸ்காரர்கள் வேறு வழி போனார்கள். ஸ்விங் ஆக்ஸில் இங்கே பலருக்குப் பிடிக்கவில்லை. 1972-ல் வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் அதைத் தூக்கிவிட்டு, லாரி மாதிரி ஒரே நேர் ஆக்ஸிலாகப் போட்டுவிட்டார்கள். தொழில்நுட்பத்தில் ஒரு படி கீழே. நம் ரோட்டுக்கும் நம் மெக்கானிக்குக்கும் ஒரு படி மேலே!

1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஒழுங்கான பந்தயத் தடம் வந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால், கோவை கரிவர்தன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை ஆள் பந்தய கார்களைச் செய்துவிட்டார். எல்லோருக்கும் ஒரே இன்ஜின், ஒரே சட்டகம். அப்புறம் எவன் ஜெயிப்பான்? நன்றாக ஓட்டுகிறவன், நன்றாக ட்யூன் செய்கிறவன். 1995-ல் கரிவர்தன் விமான விபத்தில் இறந்துபோனார். அவருடைய ஃபார்முலா மாருதியில் ஓட்டத் தொடங்கிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

பந்தயத் தடத்தின் பாடம் ரொம்பச் சாதாரணமானது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். ஸ்பிரிங்கையும் டயர் காற்றையும் ஒரே நாளில் மாற்றினால், நல்லதோ கெட்டதோ எதனால் வந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. மாற்று, அதே ரோட்டில் ஓட்டு, நோட்டில் எழுது. பிடிக்கவில்லையா, பழைய இடத்துக்குத் திரும்பு.

இப்போது காரைக்கால்.

சென்னையிலோ கொச்சியிலோ பளபளவென்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார் போகும். நம்பர் பலகையில் பி.ஒய். என்று இருக்கும். 01 என்றால் பாண்டிச்சேரி, 02 என்றால் காரைக்கால். யூனியன் பிரதேசத்தில் சாலை வரி குறைவு என்பதற்காக, அங்கே வீடே இல்லாதவர்கள் முகவரி கொடுத்துப் பதிவு செய்த விவகாரம் 2017-ல் கேரளத்தில் போலீஸ் வழக்கு வரை போனது. வரியில் மிச்சம் பிடித்த காசில் வாங்குவது எதை? பெரிய சக்கரம், தாழ்ந்த ஸ்பிரிங்.

'அண்ணே, ரெண்டு இன்ச் எறக்கிடுங்க. ஸ்பிரிங்ல ஒரு சுத்து வெட்டிட்டா போதும்ல?' என்று ஒரு தம்பி பட்டறையில் வந்து நிற்கிறார் என்று வையுங்கள். அண்ணனுக்கு வேலை அரை மணி நேரம். தம்பிக்கு ஆபத்து ஆயுசுக்கும்.

ஏன்? வெட்டிய ஸ்பிரிங் தன் இருக்கையில் சரியாக உட்காராது. வண்டி தாழ்ந்தால் சக்கரம் மேலே போக இருக்கிற இடம் குறையும். பள்ளத்தில் விழுந்தால் ரப்பர் கட்டையில் போய் 'டங்'கென்று இடிக்கும். அந்த நொடியில் அங்கே ஸ்பிரிங்கே இல்லாத மாதிரிதான். இன்னொரு வேடிக்கை: மாருதியிலிருந்து பெரும்பாலான கார்களின் முன்னால் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். அதை அளவுக்கு மீறித் தாழ்த்தினால், உள்ளே இருக்கிற கைகளின் கோணம் மாறி, வண்டி சாய நினைப்பதற்கு நெம்புகோல் இன்னும் நீளமாகிவிடும். சாயாமல் இருக்கத்தான் தாழ்த்தினோம். கடைசியில் சாய்வுக்கு நாமே கை கொடுத்த கதை!

கெட்டியான ஸ்பிரிங்குக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சொகுசு கார் தன் ஸ்பிரிங்கில் நொடிக்குச் சுமார் ஒன்று, ஒன்றேகால் முறை ஆடும். ஏறக்குறைய மனுஷன் நடக்கிற தாளம். அதனால்தான் அது உடம்புக்கு இதமாக இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றரையிலிருந்து இரண்டு. பந்தய கார் அதற்கும் மேலே. ஸ்பிரிங்கை இரண்டு மடங்கு கெட்டியாக்கினால் தாளம் நாற்பது சதவிகிதம்தான் கூடும். ஆனால், பழைய ஷாக் அப்சார்பரால் அந்த ஸ்பிரிங்கை அடக்க முடியாது. வண்டி குதிக்கும். குதிக்கிற வண்டி பார்க்க வேகமாகத் தெரியும். பிரேக் போட்டால்தான் விஷயம் புரியும்.

நாகூரிலிருந்து வாஞ்சூர் வழியாகக் காரைக்காலுக்குள் நுழைந்து, பூவம் தாண்டித் தரங்கம்பாடி வரை ஓட்டிப் பாருங்கள். கடல் ஒரு பக்கம், வயல் ஒரு பக்கம். டெல்டாவின் களிமண் மழையில் ஊதும், வெயிலில் வெடிக்கும். அதன் மேல் போட்ட ரோடு நாளாவட்டத்தில் அலையலையாக ஆவது அதன் சுபாவம். நடுநடுவே மதகு, பாலம், ஊருக்கு ஊர் வேகத்தடை. உப்புக் காற்று இரும்பையும் ரப்பரையும் சும்மா விடாது. இந்த ரோட்டுக்கு, ஜெர்மனியின் வழவழப்பான நெடுஞ்சாலையை மனசில் வைத்துச் செய்த செட்டை அப்படியே மாட்டினால் சரிப்படுமா?

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் நல்ல டயர், சரியான காற்று. ரோட்டைத் தொடுகிற ஒரே சாமான் அதுதான். அடுத்து, தேய்ந்த ரப்பர் புஷ்களை மாற்றுங்கள். பல காருக்கு இதிலேயே பாதி வியாதி போய்விடும். அப்புறம் ஷாக் அப்சார்பர். பிரெஞ்சுக்காரர் தெ கார்பன் 1950-களில் கண்டுபிடித்து, ஜெர்மனியின் பில்ஸ்டைன் எடுத்துச் செய்த ஒற்றைக் குழாய் வாயு வகை, சூடானாலும் சோர்ந்துபோகாது. ஸ்பிரிங் மாற்றியே தீர வேண்டும் என்றால், ஷாக் அப்சார்பரோடு ஜோடியாக ஒரே கம்பெனி பொருத்திக் கொடுத்த செட்டாக வாங்குங்கள். உயரமும் இறுக்கமும் மாற்றக்கூடிய காயில் ஓவர் வேண்டும் என்றால், திருகு எத்தனை 'க்ளிக்' என்று எண்ணி, லேசான பக்கத்திலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எந்த இடத்தில் வண்டி ஆடுவதை நிறுத்துகிறதோ அங்கே நில்லுங்கள். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரத்தை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. எதை மாற்றுவதானாலும் ஆர்.டி.ஓ.விடமும் இன்ஷூரன்ஸ்காரரிடமும் முதலில் கேட்டுவிடுவது உத்தமம். விபத்துக்கு அப்புறம் அவர்கள் கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது.

காரைக்கால் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருநள்ளாறு ஐந்து கிலோமீட்டர் சுமார். சனிப்பெயர்ச்சி வந்தால் நாட்டில் உள்ள அத்தனை வகை காரும் அந்த ரோட்டில் ஊர்ந்து போகும். புது சஸ்பென்ஷன் போட்ட தம்பிக்கு ஒரு யோசனை. நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து சீட்டில் வீட்டுப் பெரியவர் யாரையாவது உட்கார வையுங்கள். மடியில் ஒரு டஜன் முட்டை. நிதானமாக ஒரு தடவை போய் வாருங்கள். எத்தனை உடைந்தது, பெரியவர் எந்த இடத்தில் திட்டினார் என்று எழுதிக்கொண்டு, ஒரு க்ளிக் குறைத்துவிட்டு மறுபடி போங்கள். பூலான்ஷே செய்த சோதனைதான். அவருக்கு உழுத வயல், நமக்கு திருநள்ளாறு ரோடு.